இந்தியா – இலங்கை வர்த்தக உடன்படிக்கை: சனத்துக்கு எதன் மேல் கோபம்?

வல்லிபுரத்தான் (வடமராட்சி)

எட்கா, அதாவது இந்தியா – இலங்கை பொருளாதார, தொழில்நுட்ப ஒத்துழைப்பு உடன்படிக்கை பற்றிய பேச்சு திரும்பவும் கிளம்பும் போலத் தெரிகிறது. 2024 டிசம்பரில் ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க டெல்லி போனபோது வந்த கூட்டறிக்கையிலேயே அதைத் தொடர்ந்து பேசுவோம் என்று இருக்கிறது. "இந்திய விஸ்தரிப்புவாதம்" என்று ஒரு காலத்தில் வகுப்பெடுத்த கட்சி அவருடைய ஜே.வி.பி. அந்தக் கதையை இங்கே இழுத்தால் இழை பத்துப் பக்கம் ஓடும், வேண்டாம்.

எனக்குத் தெரிய வேண்டியது, உங்கள் உங்கள் பக்கத்தில் சனம் என்ன சொல்கிறது என்பது. எங்கள் பக்கம் பெரும்பாலும் கூடாது என்றுதான் சொல்கிறார்கள். ஏன் என்று கேட்டால் ஒருவர் வெங்காயம் என்பார், ஒருவர் இந்திய இழுவைப்படகு என்பார், இன்னொருவர் ஓட்டோ விற்கிற விலையைச் சொல்வார். அதே ஆட்கள்தான் காங்கேசன்துறையில் கப்பல் ஏறி நாகப்பட்டினம் போய்ப் பை நிறையச் சேலையும் சோப்பும் கொண்டு வருகிறார்கள். 2000-ஆம் ஆண்டிலிருந்தே ஒரு சுதந்திர வர்த்தக உடன்படிக்கை நடைமுறையில் இருக்கிறது என்று சொன்னால் முக்கால்வாசிப் பேர் "அப்படியோ?" என்கிறார்கள்.

நாலாம்_குறுக்கு (கொழும்பு)

தெரியாமல் இருப்பதில் அதிசயம் இல்லை அண்ணை. அந்த உடன்படிக்கை உங்கள் அடுப்படி வரைக்கும் வரவேயில்லை.

1998 டிசம்பர் 28-ஆம் திகதி டெல்லியில் வாஜ்பாயும் சந்திரிகாவும் கையெழுத்திட்டார்கள். 2000 மார்ச் 1 முதல் நடைமுறை. தீர்வையை நீக்க இந்தியாவுக்கு மூன்று வருடம், இலங்கைக்கு எட்டு வருடம் என்று அவகாசம். எந்தப் பொருளுக்குச் சலுகை கிடையாது என்ற எதிர்மறைப் பட்டியலில் இந்தியா 429 பொருளை வைத்தது, இலங்கை 1180 பொருளை வைத்தது. இலங்கையின் பட்டியலில் வாகனங்கள் இருக்கின்றன, எரிபொருள் இருக்கிறது, விவசாயப் பொருட்களில் பெரும்பாலானவை இருக்கின்றன. உங்கள் ஊர் ஓட்டோ உடன்படிக்கையில் வந்தது இல்லை. முழுத் தீர்வை கட்டி வந்தது. இந்தியாவிலிருந்து நாம் வாங்குவதில் பெரும்பகுதி அப்படித்தான், உடன்படிக்கை இல்லாவிட்டாலும் வந்திருக்கும். இந்தியாவுக்கு நாம் விற்பதில்தான் பெரும்பகுதி உடன்படிக்கையின் கீழ் போகிறது.

நான் புறக்கோட்டையில் பெரிய வெங்காயம், உருளைக்கிழங்கு, செத்தல் மிளகாய் கைமாற்றுகிறவன். எங்கள் விலையைத் தீர்மானிப்பது விசேட வியாபாரப் பண்ட அறவீடு என்ற இறக்குமதி வரி. 2007-ஆம் ஆண்டின் 48-ஆம் இலக்கச் சட்டம். அமைச்சர் ஒரு வர்த்தமானி போட்டால் கிலோவுக்கு இத்தனை ரூபா என்று அன்றிரவே மாறிவிடும். அந்த இரவில் தெருவில் ஒருத்தருக்கும் நித்திரை இல்லை. அறவீடு கூடினால் முதலே இறக்கிக் களஞ்சியத்தில் அடுக்கியவன் தேநீர் வாங்கிக் கொடுப்பான், கொள்கலனைக் கடலில் வைத்திருப்பவன் ஒவ்வொரு கடையாகத் தொலைபேசியில் பேசிக்கொண்டிருப்பான். இதற்கும் டெல்லியில் போட்ட கையெழுத்துக்கும் சம்பந்தமே இல்லை.

2023 டிசம்பரில் இந்தியா வெங்காய ஏற்றுமதியைத் தடைசெய்ததையும் மறக்க வேண்டாம். இங்கே விலை எகிறியது. பிறகு 2024 ஏப்ரலில்தான் இலங்கைக்கு 10,000 தொன் விடுகிறோம் என்றார்கள். உடன்படிக்கை இருக்கத்தான் இதெல்லாம் நடந்தது.

மட்டுவில்_மருமகள் (தென்மராட்சி)

தம்பி சொல்வது சட்டப்படி சரி. தோட்டக்காரனுக்கு அது ஆறுதல் இல்லை.

எங்கள் வீட்டில் "சுதந்திர வர்த்தகம்" என்றால் 1998 இல்லை, 1977. சிறிமாவோ அம்மையார் காலத்தில் வெளிநாட்டு வெங்காயத்தையும் மிளகாயையும் நிறுத்தினார்கள். யாழ்ப்பாணத்துச் செத்தல் மிளகாய்க்கும் சின்ன வெங்காயத்துக்கும் நாடு முழுக்கக் கிராக்கி. மாமா அந்தக் காலத்தில்தான் கிணற்றுக்கு இறைப்பு மெசின் போட்டார், மண்வீட்டை இடித்துக் கல்வீடு கட்டினார். முற்றம் முழுக்கப் பாய் விரித்து மிளகாய் காயப்போட்டு, நெடி தாங்காமல் சின்னப் பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுவார்களாம். பிறகு ஜே.ஆர். வந்தார், கதவைத் திறந்தார். வாங்கிய கடன் கட்டி முடிய முதலே விலை விழுந்தது. பக்கத்துத் தோட்டக்காரர் மெசினை விற்றுவிட்டார்.

அதே வீட்டில் மாமி படிப்பித்துச் சம்பளம் எடுத்தவர். அவரிடம் கேட்டால் அந்தக் காலம் என்றதும் பாணுக்கு விடியப்புறம் வரிசையில் நின்றதைத்தான் சொல்வார். மாமாவும் மாமியும் இதைப் பற்றிக் கடைசி வரைக்கும் ஒத்துப்போனதில்லை. பொதுசன அபிப்பிராயம் என்று ஒன்றைத் தேடினால் ஒரு கூரைக்குக் கீழேயே இரண்டு கிடைக்கும்.

எதிர்மறைப் பட்டியல் பாதுகாக்கிறது என்கிறீர்கள். பட்டியல் அங்கேயே இருக்கும், நீங்கள் சொன்ன அந்த வர்த்தமானி இரவோடு இரவாக அறவீட்டைக் குறைக்கும், நாங்கள் கிழங்கு கிண்டுகிற கிழமையில் இறக்குமதிக் கிழங்கு வந்து நிற்கும். சனம் உடன்படிக்கையை வாசிக்காமல் பேசுகிறது என்று சிரிப்பது சுகம். வாசித்தாலும் என்ன? நடத்துகிற அரசாங்கம் யாருடைய பக்கம் சாயும் என்பது அதில் எழுதியிருக்காதே.

கொல்லிமலைக்காரன் (நாமக்கல் மாவட்டம்)

இந்தப் பக்கத்துக் கதையையும் கேளுங்கள். இலங்கையில் "இந்தியா விழுங்கிவிடும்" என்கிறார்கள். இங்கே மிளகு போட்ட எங்களைக் கேட்டால் "இலங்கை கெடுத்துவிட்டது" என்போம். சின்ன நாடு பெரிய நாடு என்கிற கணக்கெல்லாம் கொடிக்காலில் எடுபடாது.

சில்வர் ஓக் மரத்தில் கொடி ஏற்றி, மூன்று நான்கு வருடம் பார்த்துக்கொண்டு, பறித்துக் காயவைத்துக் கொண்டுபோனால் வியாபாரி ஒரு கை அள்ளி ஊதிப் பார்ப்பார். "சரக்கு நல்லாத்தான் இருக்கு, ஆனா கொழும்பு சரக்கு இதைவிடக் கம்மிக்கு வருது" என்பார். 2016 வாக்கில் கிலோ 600-ஐத் தாண்டி விற்ற மிளகு 2018-இல் 350 பக்கம் வந்து நின்றது.

வரிக் கணக்கைப் பாருங்கள். மிளகுக்கு இந்தியாவின் சாதாரண இறக்குமதி வரி 70 சதவீதம். ஆசியான் ஒப்பந்தத்தில் வியட்நாமிலிருந்து நேராக வந்தால் 50 சதவீதத்தை ஒட்டி. இலங்கையிலிருந்து வந்தால் வருடம் 2,500 டன் வரை வரியே இல்லை. அதற்கு மேல் சாப்டா என்கிற தெற்காசிய சுதந்திர வர்த்தக ஒப்பந்தத்தில் 8 சதவீதம் கட்டினால் போதும். இவ்வளவு வித்தியாசம் இருந்தால் வியட்நாம் மிளகு கொழும்பில் இறங்கி, கோணி மாற்றி, இலங்கை மிளகு என்ற பெயரில் தூத்துக்குடிக்கோ கொச்சிக்கோ வராமல் என்ன செய்யும்? கேரளா, குடகு விவசாயிகள் கத்திக் கத்தித்தான் 2017 டிசம்பரில் கிலோ 500 ரூபாய்க்குக் குறைந்து இறக்கக் கூடாது என்று குறைந்தபட்ச இறக்குமதி விலை வந்தது.

இலங்கை விவசாயி மேல் எனக்குக் கோபம் கிடையாது. அந்தக் கோணியைத் தைத்தவன் மேல்தான்.

மாத்தளையான்

அண்ணா, அந்தக் கோணி மேல் எங்களுக்கும் கோபம். சொல்லப்போனால் உங்களைவிடக் கூட.

எங்கள் மிளகு காரம் கூடியது. எண்ணெய்ச் சாறு எடுக்கிற இந்தியக் கம்பனிகள் அதைத் தேடி வாங்கும். வெளிநாட்டு மிளகைக் கலந்து நம் நாட்டுப் பெயரில் அனுப்பியதும் பெயர் கெட்டது எங்களுக்கு. அப்புறம் இந்தியா 500 ரூபா என்று கோடு போட்டது. மாட்டியது யார்? நேராக விற்ற ஆள்தான். கோணி மாற்றுகிறவன் விலைச்சிட்டையில் 500 என்று எழுதிவிட்டு உள்ளுக்குள் வேறு விலை பேசிக்கொண்டான். இதை நான் சொல்லவில்லை, உங்கள் மிளகு விவசாயிகளே குற்றம் சாட்டினார்கள். பாக்கிலும் இதே கதைதான். இந்தோனேசியப் பாக்கு இங்கே தொட்டுவிட்டு அங்கே போனது.

சுங்கக்_கிழவன் (கொழும்பு, ஓய்வு)

பிள்ளைகள் மிளகைப் பற்றிப் பேசுகிறீர்கள். இதற்கெல்லாம் மூத்த அண்ணன் வனஸ்பதி, டால்டா மாதிரி உறைந்த சமையல் கொழுப்பு.

2000-க்குப் பிறகு இந்தியா பாம் எண்ணெய்க்குக் கனத்த வரி போட்டிருந்தது, இலங்கையில் வரி குறைவு. உடனே இந்திய முதலாளிகளே இங்கே வந்து தொழிற்சாலை போட்டார்கள். மலேசியா, இந்தோனேசியாவிலிருந்து பாம் எண்ணெய் இறங்கும், அதை வனஸ்பதியாக்கி இந்தியாவுக்குத் தீர்வையில்லாமல் அனுப்புவார்கள். செம்பும் அப்படித்தான். பழைய செம்பு இறங்கும், உருக்கி அனுப்புவார்கள். இந்தியாவுக்கான ஏற்றுமதி 1999-இல் 5 கோடி டொலர்கூட இல்லை. 2005-இல் 55 கோடியைத் தாண்டியது. பேச்சுமேடை எல்லாம் இந்த எண்ணைத்தான் சொல்லும். அதில் பாதியை ஒட்டியது வனஸ்பதியும் செம்பும் என்பதைச் சொல்லாது.

விதிப்படி பார்த்தால் குற்றம் சொல்ல முடியாது. உள்நாட்டில் 35 சதவீதம் பெறுமதி சேர்ந்தால் அது இலங்கைப் பொருள். இந்திய மூலப்பொருள் 10 சதவீதம் இருந்தால் 25 போதும். அந்த 35-ஐக் காகிதத்தில் கொண்டுவருவது எப்படி என்று கணக்காளருக்குத் தெரியும். மூலச் சான்றிதழில் முத்திரை விழும், கப்பல் போகும். இந்திய எண்ணெய் ஆலைக்காரர்கள் சத்தம் போட்டதும் வருடம் 2,50,000 தொன் என்று இந்தியா கட்டுப்பாடு கொண்டுவந்தது. பின்னால் வரி வித்தியாசமும் குறைந்ததும் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாகப் பூட்டப்பட்டன. வேலை இழந்தது இங்கத்தைப் பெடியன்கள். அவர்களிடம் போய் இந்திய உடன்படிக்கை நல்லதா என்று கேட்டுப் பாருங்கள்.

வரி வித்தியாசத்தை நம்பி எழும்புகிற தொழில் அந்த வித்தியாசம் இருக்கும் வரைக்கும்தான். நான் முத்திரை விழுந்த கடதாசிகளைத் தூக்கிக்கொண்டு அலைந்தவன், எனக்கு இதில் சந்தேகமே இல்லை.

கோடிங்_கந்தையா (வெள்ளவத்தை)

எல்லாரும் பொருளைப் பற்றியே பேசுகிறீர்கள். எட்கா எதிர்ப்பு வந்தது சேவைகளால்.

1998 உடன்படிக்கையில் சேவைகள் கிடையாது. 2005-இல் சேவைகளையும் சேர்த்து சீபா என்ற விரிந்த உடன்படிக்கைக்குப் பேச்சைத் தொடங்கி, 2008-இல் கொழும்பு சார்க் மாநாட்டில் கையெழுத்தாகும் என்று இருந்தார்கள். உள்ளூர் வணிகர்கள் எதிர்த்ததால் அது நின்றுபோனது. பிறகு ரணில் காலத்தில் பெயரை மாற்றி எட்கா. 2016-இல் அரச மருத்துவ அதிகாரிகள் சங்கமும் எங்கள் துறை ஆட்களும் தெருவில் இறங்கினோம். நானும் போனவன், இன்றைக்கும் அதே கருத்துத்தான். தகவல் தொழில்நுட்பமும் கப்பல் கட்டுதலும் மட்டும்தான் திறக்கிறோம் என்று அரசு சொன்னது. அந்த "மட்டும்" யாருக்கு ஆறுதல்? வைத்தியருக்கு ஆறுதல். எனக்கு இல்லை, என் துறைதான் அந்த இரண்டில் ஒன்று. ஒரு வருடத்தில் இந்தியா வெளியே அனுப்புகிற பொறியியல் பட்டதாரிகளில் சிறு துண்டு இங்கே வந்தாலும் ஆரம்பச் சம்பளம் என்னவாகும் என்று கணக்குப் போடப் பொருளியல் படிக்கத் தேவையில்லை.

வெலிமடைப்_பெடியன்

கந்தையா அண்ணா, கோபிக்க வேண்டாம். அந்த ஆர்ப்பாட்டத்தின் பேச்சு மலையகத்துக் காதில் வேறு மாதிரி விழுந்தது.

"இந்தியன் வந்து வேலையைப் பிடிப்பான்" என்று மேடையில் சொன்னபோது எங்கள் வீட்டில் பெரியவர்கள் தொலைக்காட்சியைக் குறைத்துவிட்டார்கள். எங்கள் ஆட்களின் குடியுரிமையைப் பறித்த 1948 சட்டம் வந்தபோதும் இதே வசனம்தான். எங்கள் வீட்டில் "இரண்டு நாட்டு ஒப்பந்தம்" என்றால் 1964 சிறிமா–சாஸ்திரி. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று ஆட்களை எண்ணிப் பிரித்த ஒப்பந்தம். மீதி ஒன்றரை லட்சத்தைப் பிறகு பார்ப்போம் என்று விட்டார்கள். எங்கள் தாத்தா இந்தப் பக்கம், அவருடைய தங்கச்சி அந்தப் பக்கம். அதனால் வெங்காயத்துக்கும் மென்பொருளுக்கும் ஒப்பந்தம் போடுவதை நினைத்து எங்களுக்குப் பெரிய பயம் வருவதில்லை. உருளைக்கிழங்கு போடுகிறவன் என்ற முறையில் எரிச்சல் வரும். அது மட்டுவில் அக்கா சொன்ன அதே எரிச்சல்.

இன்னொன்று. 2016-இல் இந்திய உதவியில் 1990 என்ற இலக்கத்துக்கு அழைக்கிற சுவசெரிய இலவச அம்புலன்ஸ் வந்தபோதும் உளவு பார்க்க வருகிறார்கள் என்று கத்தினார்கள். இன்றைக்கு அந்த வண்டியை யாராவது நிறுத்தச் சொல்லட்டும் பார்க்கலாம். இந்திய வைத்தியர் வந்துவிடுவார் என்று பயந்தோம். 2022-க்குப் பிறகு எங்கள் வைத்தியர்கள்தான் வெளிநாட்டுக்குப் போனார்கள்.

கோடிங்_கந்தையா

1948-ஐயும் சம்பளக் கணக்கையும் ஒன்றாக்க வேண்டாம் தம்பி. மேடையில் சிலர் பேசிய இனவாதத்தை நானும் கேட்டேன், பிடிக்கவில்லை. அதற்காக என் கேள்வி பிழையாகிவிடாது. அம்புலன்ஸ் நன்கொடை. அதில் எவருடைய வேலையும் போகவில்லை. எட்கா அப்படி இல்லை.

வெலிமடைப்_பெடியன்

சரி, ஒத்துக்கொள்கிறேன், இரண்டும் ஒன்று இல்லை. ஆனால் கேட்கிறவனுக்கு இரண்டும் ஒரே ஒலிபெருக்கியிலிருந்துதான் வந்தது.

குன்னூர்_கொழுந்து (நீலகிரி)

1999, 2000-இல் நீலகிரியில் பச்சைத் தேயிலை விலை படுத்தபோது எங்கள் பக்கமும் இலங்கை ஒப்பந்தம்தான் காரணம் என்று போராட்டம் நடந்தது. ஒப்பந்தத்தில் இலங்கைத் தேயிலைக்கு வருடம் 1.5 கோடி கிலோ என்று ஒதுக்கீடு. அதில் வந்தது சொற்பம். இலங்கைத் தேயிலை ஏலத்தில் நம்முடையதைவிட விலை கூடியது, அதை இங்கே கொண்டுவந்து யார் விற்பார்கள்? உண்மையில் அடித்தது சோவியத் யூனியன் உடைந்தபின் சுருங்கிய ரஷ்யச் சந்தை, அப்புறம் நம் தரம். ரஷ்யாவைத் திட்டி மறியல் செய்ய முடியாது, பக்கத்து வீட்டுக்காரரைத் திட்டலாம்.

வல்லிபுரத்தான்

கொழுந்து சொன்னது எங்கள் கடலுக்கும் பொருந்தும். எங்கள் பக்கம் இழுவைப்படகையும் சொல்வார்கள் என்று எழுதினேன். வலையை அறுத்துக்கொண்டு போகிற படகுக்கும் எட்காவுக்கும் காகிதத்தில் தொடர்பு இல்லை. 2017-இல் இலங்கை இழுவை மடியைச் சட்டத்தால் தடைசெய்தது, படகுகள் இன்னும் வருகின்றன. வலையை இழந்தவனிடம் போய், அந்த அயலவனோடு புதிய ஒப்பந்தம், இந்த முறை விதிகள் கடைப்பிடிக்கப்படும் என்றால் அவன் எப்படி நம்புவான்? இதை அறியாமை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நாமக்கல் அண்ணாவுக்கு ஒரு பதில் – ஜாம்_போத்தல் (கொழும்பு)

நான் பழச்சாறும் ஜாமும் தமிழ்நாட்டுக்கு அனுப்பிப் பார்த்தவன். தீர்வை பூச்சியம். அதில் பிரச்சினையே இல்லை. கொள்கலன் ஒரு துறைமுகத்தில் இறங்கியதும் மாதிரி எடுத்தார்கள், சோதனைக்கூட முடிவு வரும் வரை வாடகை ஏறிக்கொண்டே இருந்தது, பிறகு போத்தல் ஒட்டியில் ஒரு வரி எழுத்துச் சிறியது என்றார்கள். லாபம் வாடகையில் போனது. அந்தப் பக்கம் பெரிய கம்பனிக்கு இதையெல்லாம் ஓடிப்பார்க்க ஆள் இருக்கும். எனக்கு நானும் என் மைத்துனனும்தான். எட்காவை ஆதரிப்பாயா என்று கேட்டால், ஒருநாட்டுச் சோதனைச் சான்றிதழை மறுநாடு ஏற்கும் என்று எழுதி, அதை வாசலில் நிற்கிற அதிகாரியும் ஏற்றால் ஆதரிப்பேன்.

கொல்லிமலைக்காரன்

ஜாம் அண்ணன், உங்கள் போத்தலை நிறுத்திய அதே வாசலில்தான் அந்தக் கோணியும் வந்தது. அதை ஒருவரும் நிறுத்தவில்லை. எனக்கு வயிற்றெரிச்சலே அதில்தான்.

வல்லிபுரத்தான்

அப்படியானால் ஒரு கேள்வி. எட்காவில் ஒரே ஒரு பிரிவு எழுத உங்களை விட்டால் என்ன எழுதுவீர்கள்? கந்தையா "வேண்டாம்" என்று எழுதுவார், அது தெரியும்.

நாலாம்_குறுக்கு

ஏற்றுமதித் தடை போடுவதானால் முதலே அறிவிக்க வேண்டும், ஏற்கனவே பணம் கட்டிய சரக்கை விட வேண்டும். வெங்காயத்துக்கு அது போதும்.

மட்டுவில்_மருமகள்

எனக்கு எட்காவில் எழுத ஒன்றும் இல்லை, எங்கள் வர்த்தமானியில்தான் இருக்கிறது. மாசி, பங்குனியில் யாழ்ப்பாணத்துக் கிழங்கு வரும். அந்த இரண்டு மாதமும் அறவீட்டைக் குறைக்க மாட்டோம் என்று விதைக் கிழங்கு வாங்க முதல், அதாவது கார்த்திகையிலேயே, சொல்லட்டும். டெல்லியிடம் கேட்கத் தேவையில்லை. எந்த உடன்படிக்கையும் இதைத் தடுக்கவில்லை.

நாலாம்_குறுக்கு

அக்கா, கார்த்திகையில் சொன்னால் நாங்கள் தையிலேயே களஞ்சியத்தை நிரப்பிவிடுவோமே?

மட்டுவில்_மருமகள்

தெரியும். நிரப்புங்கள். கிழங்கு எத்தனை நாள் கிடக்கும் என்று எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும்.